நிறுவையும் எண்ணிக்கையும்: கரைசல் கணக்குகள் பற்றிய ஒரு விளக்கம்

சில காலத்திற்கு முன் நம் வட்டாரத்துச் சங்கம் ஒன்றின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தோம். சங்கத்தின் பெயர் இங்கு வேண்டியதில்லை. நாம் பேரேட்டைத் திறக்கும் முன்பே அங்கத்தினர் ஒருவர் புகார் மனுவுடன் வந்து நின்றார். வயது முதிர்ந்தவர், தம் தோட்டத்தில் நாற்பதாண்டுக் காலம் உழுதவர். "போன வருசம் ஏக்கருக்குப் பத்துக் கிலோ ஜிங்க் சல்பேட் போடச் சொன்னீங்க. இந்த வருசம் ஆறரைக் கிலோவே போதும்ங்கறீங்க. கிலோ வெலையோ ஏறிக் கெடக்குது. எடை கொறையுது, வெலை ஏறுது. இது எந்த ஊர் நாயமுங்க?" என்று செயலாளரைக் கேட்டார்.

செயலாளர் நேர்மையானவர், ஆயினும் விடை சொல்ல அவருக்குத் தெரியவில்லை. "மேலேயிருந்து வந்த சரக்குங்க, அப்படித்தான் சொன்னாங்க" என்பதற்கு மேல் அவரால் ஒன்றும் கூற இயலவில்லை. ஊரில் அதற்குள் இரண்டு கட்சிகள் உண்டாகிவிட்டன. அடுத்த பேரவைக் கூட்டத்தில் செயலாளர் மீது கண்டனத் தீர்மானம் கொண்டுவருவதென்று ஒரு சாரார் முடிவு செய்திருந்தனர்.

நாம் கிடங்கிற்குச் சென்று இரண்டு ஆண்டுகளின் காலிச் சாக்குகளையும் வாங்கிப் பார்த்தோம். விடை சாக்கின் மீதே அச்சிடப்பட்டிருந்தது. அதைப் படித்தறியச் சிறிதளவு இரசாயனக் கணக்குத் தேவையாக இருந்தது, அவ்வளவுதான். அந்தக் கணக்கை நம் அங்கத்தினர் அனைவரும் அறிந்திருத்தல் நலம் என்று அன்றே எண்ணினோம். சாயத் தொட்டிக்கு முன் நிற்கும் நெசவாளருக்கும், மருந்துத் தெளிப்பானை முதுகில் சுமக்கும் விவசாயிக்கும் இந்தக் கணக்கு ஒன்றேயாகும். முதியவரின் கேள்விக்கு உரிய விடையையும் இக்கட்டுரையின் போக்கிலேயே காண்போம்.

நெசவாளர் அறிந்த கணக்கு

கல்லூரி மாணவர்கள் இப்பாடத்தில் முதலில் இடறுவது 'மோல்' என்னும் சொல்லிலேதான். ஆனால் நம் நெசவாளர்கள் அச்சொல்லை அறியாமலே அதன் உட்பொருளைத் தலைமுறை தலைமுறையாக அறிந்திருக்கிறார்கள்.

நூலை நாம் எப்படி வாங்குகிறோம்? எடைக்கு வாங்குகிறோம். எப்படி உபயோகிக்கிறோம்? நீளத்திற்கு உபயோகிக்கிறோம். பாவு ஓட்டுகிறவர் இத்தனை இழை, இத்தனை கெஜம் என்று கணக்கிடுகிறாரே ஒழிய, இத்தனை கிராம் என்று கணக்கிடுவதில்லை. எடையையும் நீளத்தையும் இணைக்கும் பாலமாக இருப்பது நூலின் நம்பர். 840 கெஜம் கொண்டது ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடையில் இத்தகைய சிட்டம் எத்தனை நிற்குமோ அதுவே அந்த நூலின் நம்பர். 40-ஆம் நம்பர் நூலில் ஒரு பவுண்டுக்கு 40 சிட்டம், அதாவது 33,600 கெஜம் கிடைக்கும். 20-ஆம் நம்பரில் அதே ஒரு பவுண்டுக்கு 16,800 கெஜமே கிடைக்கும். எடை ஒன்றுதான், நீளம் பாதி. "இதுவும் ஒரு பவுண்டு, அதுவும் ஒரு பவுண்டு" என்று எந்த நெசவாளரும் ஏமாற மாட்டார்.

விவசாயிக்கும் இதே அனுபவம் உண்டு. விதையை நிறுத்து வாங்குகிறோம். ஆனால் வயலில் முளைப்பது எடையன்று, எண்ணிக்கை. பருமனான நிலக்கடலை விதை ஒரு கிலோவில் எண்ணிக்கை குறையும். சிறு விதையில் எண்ணிக்கை கூடும். அதனாலன்றோ நூறு விதையின் எடையைப் பார்த்து ஏக்கருக்கு இத்தனை கிலோ என்று தீர்மானிக்கிறோம்!

இரசாயனப் பொருள்களின் நிலையும் இதுவே. கடையில் அவை எடைக்கு விற்கப்படுகின்றன. தொட்டியிலும் வயலிலும் அவை எண்ணிக்கைக்கு வேலை செய்கின்றன. ஒரு துகளோடு ஒரு துகள், அல்லது ஒன்றோடு இரண்டு என்று அவை கைகோத்துக் கொள்கின்றன. எடையிலிருந்து எண்ணிக்கைக்குச் செல்ல ஒரு பாலம் வேண்டும். அந்தப் பாலத்தின் பெயர்தான் மோல்.

மோல் என்பது யாது?

பன்னிரண்டு கொண்டது ஒரு டஜன்; இருபது கொண்டது ஒரு கோடி என்று வேட்டி வியாபாரத்தில் பழைய வழக்கு உண்டு. அதுபோல் 602214076 என்று எழுதி அதன் பின் பதினைந்து சுழிகள் இட்டால் வரும் எண்ணிக்கை ஒரு மோல். நம் வழக்கில் சொன்னால் ஏறத்தாழ 602 கோடி கோடி கோடி! சம அளவுள்ள வாயுக்களில் சம எண்ணிக்கையான துகள்கள் இருக்கும் என்று 1811-இல் கூறிய இத்தாலிய அறிஞர் அவகாட்ரோவின் நினைவாக இந்த எண்ணுக்கு அவர் பெயர் வழங்குகிறது. முன்னர் 12 கிராம் கரியில் உள்ள அணுக்களின் எண்ணிக்கை என்று இதற்கு இலக்கணம் கூறினர். 2019-ஆம் ஆண்டு மே 20 முதல் மேற்கண்ட எண்ணையே நேரடியாக இலக்கணமாக உலக நாடுகள் ஏற்றுக் கொண்டுள்ளன.

இந்தப் பெரிய எண்ணை நாம் ஒருபோதும் எழுதிப் பெருக்க வேண்டியதில்லை என்பதே இதிலுள்ள வசதி. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு மோல் எத்தனை கிராம் என்பதை அதன் அணு எடைகளைக் கூட்டி அறியலாம். ஹைட்ரஜன் 1, கரி 12, ஆக்சிஜன் 16, சோடியம் 23, கந்தகம் 32, கால்சியம் 40, தாமிரம் 63.5, துத்தநாகம் 65.4. நம் வேலைக்கு இந்த எட்டு எண்களே போதுமானவை.

காஸ்டிக் சோடாவை எடுத்துக் கொள்வோம். அதன் ஒரு துகளில் சோடியம் ஒன்று, ஆக்சிஜன் ஒன்று, ஹைட்ரஜன் ஒன்று. 23, 16, 1 ஆகியவற்றைக் கூட்டினால் 40. ஆகவே 40 கிராம் காஸ்டிக் சோடா ஒரு மோல். தண்ணீரில் ஹைட்ரஜன் இரண்டு, ஆக்சிஜன் ஒன்று. எனவே 18 கிராம் ஒரு மோல். இங்கு நூல் கணக்கை மீண்டும் நினைவு கொள்க. மோல் எடை மிகுந்த பொருள் தடித்த நூல் போன்றது. அதே எடையில் எண்ணிக்கை குறைவு. மோல் எடை குறைந்த பொருள் சன்ன நூல் போன்றது. அதே எடையில் எண்ணிக்கை மிகுதி.

விதி ஒன்றுதான்: கையில் உள்ள கிராமை மோல் எடையால் வகுத்தால் மோல் கிடைக்கும், வேண்டிய மோலை மோல் எடையால் பெருக்கினால் நிறுக்க வேண்டிய கிராம் கிடைக்கும்.

கரைசலின் வலிமை

ஒரு லிட்டர் கரைசலில் எத்தனை மோல் பொருள் கரைந்துள்ளதோ அதுவே அக்கரைசலின் மோல் வலிமை. 200 கிராம் காஸ்டிக் சோடாவைக் கரைத்து 10 லிட்டர் ஆக்கினோம் என்று கொள்வோம். 200-ஐ 40-ஆல் வகுத்தால் 5 மோல். 5 மோல் 10 லிட்டரில் பரவியிருப்பதால் லிட்டருக்கு 0.5 மோல். இதுவே வலிமை.

மறுதலையாக, 60 லிட்டர் தொட்டி ஒன்றில் லிட்டருக்கு 0.25 மோல் வலிமை வேண்டுமென்று சாயக்காரர் கேட்கிறார். 60-ஐ 0.25-ஆல் பெருக்கினால் 15 மோல். 15-ஐ 40-ஆல் பெருக்கினால் 600 கிராம். நிறுக்க வேண்டியது அதுதான். சரக்கு நூற்றுக்கு 90 பங்கே சுத்தமானதாக இருந்தால் 600-ஐ 0.9-ஆல் வகுத்து 667 கிராம் எடுக்க வேண்டும். திறந்து வைத்த காஸ்டிக் சோடா காற்றிலுள்ள ஈரத்தையும் கரியமில வாயுவையும் உறிஞ்சிக் கெடும் என்பதைக் கிடங்குப் பொறுப்பாளர் மறத்தலாகாது. நிறுவை சரியாக இருந்தும் வலிமை குறைவதற்கு இது ஒரு காரணம்.

இங்கே தொடக்க நிலையினர் செய்யும் பிழை ஒன்றுண்டு. 10 லிட்டர் 'கரைசல்' வேறு, 10 லிட்டர் 'தண்ணீர்' வேறு. முதலில் குறைந்த நீரில் பொருளைக் கரைத்துக் கொண்டு, பிறகு நீர் சேர்த்து 10 லிட்டர்க் கோட்டிற்குக் கொண்டுவருவதே முறை. மேலும் காஸ்டிக் சோடாவைச் சிறிது சிறிதாகத் தண்ணீரில் இட வேண்டும். காஸ்டிக் சோடாவின் மீது தண்ணீரை ஊற்றலாகாது. அது கரையும்போது பெருஞ்சூடு பிறக்கும். கொதித்துத் தெறித்தால் கண் போய்விடும். கண்ணாடியும் கையுறையும் இன்றி இவ்வேலையில் யாரும் இறங்கலாகாது.

வலிமை ஏன் இத்துணை முக்கியம்? பருத்தி காரத்தைத் தாங்கும். ஜான் மெர்சர் என்னும் ஆங்கிலேயர் 1844-இல் பருத்தித் துணியைக் கடுமையான காஸ்டிக் கரைசலில் இட்டு, அது வலுவும் சாயம் ஏற்கும் திறனும் பெறுவதைக் கண்டார். மெர்சரைஸ் செய்தல் என்று இன்று வழங்கும் முறை அவர் பெயரால் வந்ததே. ஆனால் பட்டு புரதப் பொருள். பருத்திக்கு வலு தரும் அதே கரைசல் பட்டு இழையைக் கரைத்துவிடும். துடியலூரிலிருந்து மேட்டுப்பாளையம் சாலையில் வடக்கே சென்று சிறுமுகையை அடைந்தால் பட்டுத் தறிகளின் ஓசை கேட்கும். அங்குள்ள நெசவாளரிடம் கேட்டுப் பாருங்கள்; காரம் அளவு மீறினால் பட்டு என்னவாகும் என்பதை நம்மைவிட நன்றாகச் சொல்வார்கள்.

நீர்த்தல் கணக்கு

ஒவ்வொரு முறையும் கட்டியை நிறுத்துக் கரைப்பது தொல்லை, ஆபத்தும்கூட. ஆகவே கடுமையான மூலக் கரைசல் ஒன்றைத் தயாரித்து வைத்துக் கொண்டு, வேண்டும்போது நீர்த்துக் கொள்வது வழக்கம்.

வீட்டில் தயிரைக் கடைந்து மோராக்குகிறோம். விருந்தாளி நால்வர் அதிகம் வந்தால் இன்னும் ஒரு செம்பு நீர் சேர்க்கிறோம். மோர் பெருகியது, தயிர் பெருகியதா? இல்லை. நீர்த்தல் கணக்கின் சாரம் இதுவே. நீர் சேர்ப்பதால் மோல் எண்ணிக்கை மாறுவதில்லை. ஆகவே முதல் வலிமையை முதல் அளவால் பெருக்கிய தொகையும், புதிய வலிமையைப் புதிய அளவால் பெருக்கிய தொகையும் சமமாக இருக்கும்.

மூலக் கரைசல் லிட்டருக்கு 5 மோல், அதாவது லிட்டருக்கு 200 கிராம் காஸ்டிக் சோடா கொண்டது. நமக்கு வேண்டியது லிட்டருக்கு 0.25 மோல் வலிமையில் 40 லிட்டர். வேண்டிய மோல்: 40 × 0.25 = 10. மூலக் கரைசலில் 10 மோல் எத்தனை லிட்டரில் உள்ளது? 10-ஐ 5-ஆல் வகுக்க 2 லிட்டர். எனவே 2 லிட்டர் மூலக் கரைசலை எடுத்து நீர் சேர்த்து 40 லிட்டர் ஆக்க வேண்டும். இதை மனக்கணக்காகவே செய்துவிடலாம்.

சதவிகிதத்தில் உள்ள மயக்கம்

நூல் வெளுக்க உபயோகிக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு கேன்களின் மீது '50 சதவிகிதம்' என்று எழுதியிருக்கும். ஒரு லிட்டரில் 500 கிராம் இருக்கிறது என்று பலர் எண்ணிக் கொள்கிறார்கள். அது பிழை. அந்தச் சதவிகிதம் எடைக்கு எடை. 100 கிராம் திரவத்தில் 50 கிராம் என்பது அதன் பொருள். அத்திரவம் தண்ணீரைவிடக் கனமானது. ஒரு லிட்டர் ஏறத்தாழ 1,200 கிராம் எடையுள்ளது. அதில் பாதி, அதாவது 600 கிராம் பெராக்சைடு உள்ளது.

லிட்டருக்கு 3 கிராம் வீதம் 100 லிட்டர் தொட்டிக்கு 300 கிராம் தேவை என்று வைத்துக் கொள்வோம். சரியான கணக்கின்படி 500 மில்லி லிட்டர் போதும். மயங்கியவர் 600 மில்லி லிட்டர் ஊற்றுவார். ஐந்தில் ஒரு பங்கு அதிகம்! பணமும் வீண், நூலின் வலுவுக்கும் கேடு. சாயப்பட்டறை நடத்தும் சங்கங்களில் கொள்முதலும் செலவும் ஒத்துப் போகாமல் ஆய்வாளர் குறிப்பு எழுதும் இடங்களுள் இதுவும் ஒன்று. திருட்டு என்று சந்தேகிக்கும் முன் அடர்த்தியைக் கேட்டறிதல் நன்று.

காரத்தை அமிலத்தால் அடக்குதல்

எண்ணிக்கையின் அருமை முழுவதும் விளங்குவது இரண்டு பொருள்கள் ஒன்றோடொன்று வினைபுரியும்போதுதான்.

சாயமேற்றிய நூலில் தங்கிய காரத்தை அசெட்டிக் அமிலத்தால் போக்குவது வழக்கம். நாம் கண்ட பட்டறை ஒன்றில் தொட்டியில் எஞ்சியது ஒரு கிலோ காரம் என்று மதிப்பிட்டு, ஒரு கிலோ அமிலத்தை ஊற்றி, "சமம்" என்று கூறி வேலையை முடித்தனர். நூல் கைக்கு வழுவழுப்பாகவே இருந்தது. அலசியதும் போதவில்லை. கிடங்கில் சில வாரம் கிடந்த பின் வெளிர் நிறச் சிட்டங்கள் மஞ்சள் பூத்தன. வாங்கியவர்கள் திருப்பியனுப்ப, அந்த நட்டம் சங்கத்தின் தலையில் விழுந்தது. கடைசியில் நெசவாளர் கூலியில்தான் அது எதிரொலித்தது.

பிழை எங்கே? ஒரு கிலோ காஸ்டிக் சோடா, 1,000-ஐ 40-ஆல் வகுக்க 25 மோல். அசெட்டிக் அமிலத்தில் கரி இரண்டு, ஹைட்ரஜன் நான்கு, ஆக்சிஜன் இரண்டு. 24, 4, 32 சேர்ந்து ஒரு மோல் 60 கிராம். ஒரு காரத் துகளுக்கு ஓர் அமிலத் துகள் வேண்டும். ஆகவே 25 மோல் அமிலம், அதாவது 1,500 கிராம் தேவை. ஊற்றியதோ 1,000 கிராம், 16.7 மோல்தான். 8.3 மோல் காரம், அதாவது 333 கிராம் அடங்காமல் நின்றுவிட்டது. எடைக்கு எடை சமம் என்பது இரசாயனத்தில் சமமன்று. எண்ணிக்கைக்கு எண்ணிக்கை சமமாக இருத்தல் வேண்டும்.

கந்தக அமிலமாயின் ஓர் அமிலத் துகள் இரண்டு காரத் துகள்களை அடக்கும். ஒரு மோல் 98 கிராம். 25 மோல் காரத்திற்கு 12.5 மோல், அதாவது 1,225 கிராம் கணக்காகும். ஆனால் கந்தக அமிலம் சிறிது எஞ்சி நூலில் உலர்ந்தாலும் பருத்தி இழை நைந்துவிடும். காரத்தைத் தாங்கும் பருத்தி கடும் அமிலத்தைத் தாங்காது. அசெட்டிக் அமிலத்தையே சாயக்காரர் விரும்புவதன் காரணம் இதுதான்.

மயில்துத்தமும் சுண்ணாம்பும்

இனித் தோட்டத்திற்குச் செல்வோம். பிரான்ஸ் தேசத்துப் போர்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் மில்லார்டே, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த கலவை திராட்சைக் கொடியின் அடிச்சாம்பல் நோயைத் தடுப்பதை 1885-இல் உலகிற்கு வெளியிட்டார். போர்டோ கலவை என்று இன்றும் அது வழங்குகிறது. நம் பக்கத்தில் தென்னை, திராட்சை, தக்காளி பயிரிடுவோர் அதை நன்கறிவர்.

ஒரு சதவிகிதக் கலவைக்கு 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுட்ட சுண்ணாம்பு, 100 லிட்டர் நீர். மயில்துத்தம் என்பது தாமிர சல்பேட்டோடு ஐந்து துகள் நீர் சேர்ந்த படிகம். தாமிரம் 63.5, கந்தகம் 32, ஆக்சிஜன் நான்கிற்கு 64, நீர் ஐந்திற்கு 90; மொத்தம் 249.5. ஒரு கிலோவில் 4 மோல். சுட்ட சுண்ணாம்பின் மோல் எடை 56. துகளுக்குத் துகள் என்று பார்த்தால் 4 மோல் சுண்ணாம்பு, அதாவது 224 கிராமே போதும். பின் ஏன் ஒரு கிலோ?

காரணங்கள் இரண்டு. கடைச் சுண்ணாம்பு சுத்தமன்று. நாள்பட்டது நீறி, காற்றின் கரியமில வாயுவை ஏற்று மீண்டும் கல்லாகிக் கொண்டிருக்கும். அடுத்து, தாமிரம் சிறிதேனும் தனித்துக் கரைந்து நின்றால் இலை கருகும். பயிருக்குக் காப்பாகவே சுண்ணாம்பு மிகையாக இடப்படுகிறது. மயில்துத்தத்தை அதிகமாக்கினால் கேடு. நல்ல சுண்ணாம்பு சற்று அதிகமானால் கேடில்லை. எந்தப் பக்கம் தவறினால் பாதகமில்லை என்பதையும் கணக்கே நமக்குக் காட்டுகிறது.

இரண்டையும் தனித்தனியே மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரத்தில் கரைத்து, மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் கலக்கியவாறே ஊற்ற வேண்டும். பிறகு தீட்டிய இரும்புக் கத்தியைச் சிறிது நேரம் அமிழ்த்தி எடுத்துப் பாருங்கள். கத்தியில் செந்நிறம் படிந்தால் தாமிரம் இன்னும் தனித்து நிற்கிறது என்று பொருள். இரும்பு கரைந்து, தாமிரம் அதன் இடத்தில் வந்து படிகிறது. மேலும் சுண்ணாம்புப் பால் சேர்க்க வேண்டும். ஆய்வுக்கூடம் இல்லாத தோட்டத்தில் கத்தியே ஆய்வுக்கூடம்! இரும்புப் பாத்திரம் ஆகாதென்பதற்கும் காரணம் இதுவே.

முதியவரின் கேள்விக்கு விடை

இப்பொழுது அந்தப் புகார் மனுவிற்குத் திரும்புவோம். மயில்துத்தத்திற்குள் நீர் ஒளிந்திருப்பதைக் கண்டோம். ஜிங்க் சல்பேட்டிலும் அவ்வாறே. சந்தையில் அது இரண்டு வடிவில் வருகிறது. ஒன்றில் ஏழு துகள் நீர். மற்றதில் ஒரு துகள் நீர்.

நீரின்றி ஜிங்க் சல்பேட்டின் மோல் எடை 65.4, 32, 64 சேர்ந்து 161.4. ஏழு நீருக்கு 126 சேர்த்தால் 287.4. ஒரு நீருக்கு 18 சேர்த்தால் 179.4. இரண்டிலும் துத்தநாகம் 65.4 கிராம்தான். ஆகவே முதலாவதில் துத்தநாகம் நூற்றுக்கு 22.8, இரண்டாவதில் 36.5. இவை முழுச் சுத்தமான சரக்கின் கணக்கு. உரக் கட்டுப்பாட்டு ஆணை குறைந்த அளவாக முறையே 21 சதவிகிதமும் 33 சதவிகிதமும் விதித்துள்ளது. சாக்கின் மீது அச்சிட்டிருந்தவை இந்த எண்களே.

ஏக்கருக்கு 10 கிலோ ஏழு நீர்ச் சரக்கில் 2.1 கிலோ துத்தநாகம் உள்ளது. அதே 2.1 கிலோ ஒரு நீர்ச் சரக்கில் எத்தனை கிலோவில் கிடைக்கும்? 2.1-ஐ 0.33-ஆல் வகுக்க ஏறத்தாழ 6.4 கிலோ. செயலாளர் கூறிய ஆறரைக் கிலோ சரியே! விலையையும் பார்ப்போம். முதலாவது கிலோ 60 ரூபாய், இரண்டாவது 90 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக் கொண்டால், ஏக்கருக்கு முதலாவது 600 ரூபாய். இரண்டாவது 576 ரூபாய். கிலோ விலை ஏறியும் ஏக்கர்ச் செலவு குறைகிறது. முன்பு அவர் விலை கொடுத்து வாங்கி வண்டிக் கூலியும் கொடுத்து ஏற்றிச் சென்றதில் கணிசமான பங்கு தண்ணீர்!

சங்கத் திண்ணையில் அமர்ந்து இக்கணக்கை ஒரு காகிதத்தில் போட்டுக் காட்டினோம். முதியவர் இரண்டு முறை சரிபார்த்தார். பிறகு, "இதை அப்பவே சொல்லியிருந்தா நான் ஏனுங்க காயிதம் எழுதறேன்?" என்றார். செயலாளர் தலை கவிழ்ந்தார். உண்மையில் இருவர் மீதும் குற்றமில்லை. விற்றவர் விளக்கவில்லை; வாங்கியவர் அறியவில்லை. ஆயினும் அந்தச் சிறு இருளில் ஒரு நேர்மையான மனிதரின் பெயர் கெட இருந்தது. கூட்டுறவின் மூலதனம் பங்குத் தொகை மட்டுமன்று. அங்கத்தினர் வைக்கும் நம்பிக்கையே அதன் முதல் மூலதனம்.

கிணற்று நீரின் கடினம்

சிறுவாணி நீர் மென்மையானது. நம் ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றின் நீரோ கடினமானது. சோப்பு நுரைப்பதில்லை, சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்கிறது. கடினத்தைக் கால்சியம் கார்பனேட்டின் கணக்கில் லிட்டருக்கு இத்தனை மில்லி கிராம் என்று பரிசோதனைச் சாலையார் எழுதித் தருவர். அதன் மோல் எடை 100. ஆகவே 500 மில்லி கிராம் என்பது லிட்டருக்கு 5 மில்லி மோல். 1,000 லிட்டருக்கு 5 மோல். இக்கடினம் முழுவதும் கால்சியத்தால் ஆனதென்று கொண்டால், அதைப் படியவைக்க 5 மோல் சோடா ஆஷ் வேண்டும். அதன் மோல் எடை 106. எனவே 530 கிராம். கண்ணளவில் அள்ளிப் போடும் பழக்கத்திற்குப் பதிலாக நிறுத்துப் போடலாம் அல்லவா?

அளவுக்கு மிஞ்சியது எங்கே போகிறது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தொட்டியில் மிஞ்சியது வாய்க்காலில் சேர்கிறது. வாய்க்கால் ஆற்றில் சேர்கிறது. நொய்யலின் கதை நாம் அறிந்ததே. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் கழிவை ஆற்றில் விடும் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது, எத்தனை குடும்பங்களின் அடுப்பு அணைந்தது! ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று நம் முன்னோர் சொன்னார்கள். நம் காலத்திலோ ஆற்றில் போடாமல் இருப்பதற்காகவே அளக்க வேண்டியிருக்கிறது.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. எடையைக் கொண்டு இரு பொருள்களை ஒப்பிடலாகாது. மோலாக மாற்றி ஒப்பிடுக.
2. லிட்டர் என்பது கரைசலின் அளவா, நீரின் அளவா என்று முதலில் தெளிக.
3. நீர்த்தால் வலிமை குறையும். மோல் எண்ணிக்கை மாறாது.
4. சதவிகிதம் எடைக்கு எடையா, எடைக்கு அளவா என்று கேட்டறிக.
5. படிகத்தில் நீர் உண்டா, எத்தனை துகள் என்று சாக்கைப் படித்துப் பார்க்க.
6. சரக்கின் சுத்தத்தைக் கணக்கில் சேர்த்த பிறகே நிறுக்க.

அங்கத்தினர்கள் தாமே செய்து பார்ப்பதற்கு மூன்று கணக்குகள் தருகிறோம்.

(அ) மேற்கூறிய 530 கிராம் சோடா ஆஷுக்குப் பதிலாகப் பத்துத் துகள் நீர் கொண்ட சலவைச் சோடாப் படிகம் எவ்வளவு வேண்டும்?

(ஆ) 10 லிட்டர் தெளிப்பானுக்கு ஒரு சதவிகிதப் போர்டோ கலவையில் மயில்துத்தம் எத்தனை கிராம்? லிட்டருக்கு எத்தனை மோல்?

(இ) லிட்டருக்கு 5 மோல் வலிமையுள்ள காஸ்டிக் கரைசல் 3 லிட்டர் உள்ளது. அதை நீர்த்து லிட்டருக்கு 0.5 மோல் வலிமையில் எத்தனை லிட்டர் ஆக்கலாம்?

விடைகள்: (அ) படிகத்தின் மோல் எடை 286, எனவே 1,430 கிராம். (ஆ) 100 கிராம்; 0.04 மோல். (இ) 30 லிட்டர்.

ஒவ்வொரு சங்கத்தின் விற்பனைக் கூடத்திலும், சாயப்பட்டறைச் சுவரிலும் மேற்கண்ட ஆறு விதிகளைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டி வைக்குமாறு செயலாளர்களைக் கேட்டுக் கொள்கிறோம். சரக்கு மாறும்போது அதன் கணக்கையும் ஒரு பலகையில் எழுதி வைத்தால் போதும். பாதிப் புகார்கள் பிறக்கவே மாட்டா. வீட்டில் பள்ளியிறுதி வகுப்பில் படிக்கும் பிள்ளை இருந்தால் இக்கணக்குகளை அப்பிள்ளையுடன் உட்கார்ந்து செய்யுங்கள். பாடப் புத்தகத்தில் அது படிக்கும் மோல், தந்தையின் தெளிப்பானிலும் தாயின் சாயத் தொட்டியிலும் இருப்பதை அது கண்டுகொள்ளட்டும்.